மயில்சாமி பாடிய சாவுப்பாட்டு

மல்லசமுத்திரத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடாத தோட்டம் இல்லை. போர் போட்டவர்களில் மேனேஜர் மயில்சாமியைத் தெரியாதவரும் இல்லை. துளை போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கிற காளியண்ணன் ஆபீசுக்குப் போன் அடித்தால் எடுப்பவர் அவர்தான். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல். "சொல்லுங்க" என்று அவர் சொன்னாலே பாதி விவசாயிகளுக்குத் தண்ணீர் வந்துவிட்ட தெம்பு வந்துவிடும். கல்யாணப் பத்திரிகை அவர் பேருக்குத் தனியாக வரும். ஒரு தீபாவளிக்கு யாரோ வேட்டி சட்டைகூடக் கொடுத்தனுப்பினார்கள். நேரில் பார்த்தவர் மட்டும் ஒருவரும் கிடையாது. எப்படிப் பார்ப்பது? மயில்சாமி என்று ஓர் ஆளே இல்லை. இருந்ததெல்லாம் மைதிலி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒழுங்காகத்தான் தன் பேரைச் சொன்னாள். வையப்பமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் நம்பவே இல்லை. "வெளையாடாதீங்க சார்" என்றார். பொம்பளைதான் என்று அவள் சத்தியம் செய்த பிறகு, "அப்படின்னா மேனேஜர்கிட்டக் குடு சாமி, பொம்பளப் புள்ளகிட்டப் போர் சமாச்சாரம் என்னத்தப் பேசறது" என்றார். மைதிலி ரிசீவரை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினாள். "மயில்சாமி பேசறேன்" என்றாள். "அப்பாடா!" என்றார் அவர். உலகத்தின் மேல் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்றோடு போயிற்று.

அதற்கப்புறம் அவள் யாரையும் மதித்ததாகத் தகவல் இல்லை. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிறேன் என்று தோட்டத்தில் உலாத்துகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குக் கொட்டாவி வரும். அந்தத் தேங்காயை நம்பிக் கடைசி எருமையை விற்கிறவர்களைப் பார்த்தால் அதைவிடப் பெரிய கொட்டாவி. தம்பி தமிழரசுவின் பண்ணைக் கோழிகளைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. "நின்ன எடத்துலயே நின்னு திங்கறதுக்கு என்னா பேச்சு, என்னா அலட்டல்" என்பாள். கோழியைச் சொல்கிறாளா, தன்னைச் சொல்கிறாளா என்பது தமிழரசுவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இந்தக் குரலால்தான் அவளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அவளைப் பெண் பார்க்க வந்த ஒரே கூட்டம், பொண்ணு பாடுமா என்று கேட்டது. அவள் அப்பன் ஒரு அப்பாவி. "நெம்ப நல்லாப் பாடுமுங்க" என்றார். மைதிலி பிள்ளையார் பாட்டு ஒன்றை எடுத்தாள். முதல் வரி முடிவதற்குள் மாப்பிள்ளைக்கு மிக்சர் மூக்கில் ஏறிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா, பெரிய மனுஷி, கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள், ஆம்பளை யாராவது ஒளிந்துகொண்டு பாடுகிறானா என்று. ஒறம்பறை, அதாவது சொந்தபந்தக் கூட்டம், அவளுக்குக் 'கம்ப்ரசர்' என்று பேர் வைத்தது. ரிக் வண்டியில் இருந்து ஊரையே அதிரவைக்குமே, அந்தக் கம்ப்ரசர். மைதிலி அன்றைக்கு வாயை மூடினாள். கோயில் பஜனையிலும் பாடவில்லை, தம்பி மகளைத் தூங்கவைக்கவும் பாடவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சும்மா உறுமுவாள். அந்தப் பிள்ளையும் கம்ப்ரசர் மேல் படுத்த ரிக் பையன் மாதிரி அசையாமல் தூங்கும்.

இப்படியே போயிருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. காளியண்ணன் மகன் வந்து சேர்ந்தான்.

காளியண்ணனிடம் ரிக் வண்டிகள் ஏராளம். அறிவுக்குத்தான் கொஞ்சம் தட்டுப்பாடு. ஒரே மகன் நந்தகுமாரைப் பூமியைத் துளைக்கிற படிப்பு படிக்க ஜெர்மனிக்கு அனுப்பினார். அவன் அங்கே போய்ப் பூமியை விட்டுவிட்டு, பாட்டுக் கட்டுகிற படிப்பு படித்தான். திரும்பி வந்தபோது தலையில் ஒரு குடுமி, கையில் ஒரு கட்டுக் காகிதம். ஆபீசில் வைத்து அப்பனிடம் அவன் விளக்கியதை மைதிலி மயில்சாமியின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு வகைக் குரலுக்கு ஒரு பாட்டு கட்டியிருக்கறேனுங்கப்பா. வார்த்தையெல்லாம் லத்தீன். சர்ச்சுல பூசையில சொல்றது."

"நாம என்ன வேதக்காரங்களாடா?"

"இல்லீங்க."

"லத்தீன் நம்ம சனத்துல எவனுக்காச்சும் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்பறம் எவனுக்குடா இந்தப் பாட்டு?"

"அம்மாவுக்குங்க. செத்துப்போனவங்களுக்குப் பாடற பாட்டுங்க."

காளியண்ணன் எழுந்தார். வெளியே போய், நின்றிருந்த ரிக் வண்டியின் டயரை ஓர் உதை விட்டார்.

அவர் உதைத்ததற்குக் காரணம் இருந்தது. அவன் அம்மா பாப்பாயி போய்ச் சேர்ந்தபோது மகன் வரவில்லை. அங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது, விமானம் கிளம்பவில்லை என்றான். பெரியப்பன் மகன் கொள்ளி வைத்தான். "பெத்தவளுக்குக் கொள்ளி வெக்க வராத பையன்" என்று ஊர் அவனுக்கும் ஒரு பேர் வைத்தது. எடுக்கிற வரைக்கும் போனைத் தூக்கிப் பிடித்து, செத்த முகத்தை அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தது மைதிலிதான். "தெரியுதா சாமி? அம்மா மொகம் தெரியுதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். போனுக்குள் அவன் தலையை ஆட்டினான். இவ்வளவு பெரிய படிப்பு படித்தவனுக்கு மூக்கைச் சிந்த ஒரு துண்டு இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. அப்புறம் அதையும் மறந்துவிட்டாள்.

இப்போது அந்தப் பையன் அவள் மேசை முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, சேலத்துல சர்ச்சுல பாடறவங்களச் சேத்திருக்கறேன். கீழ்க்குரலுக்கு ஒரு ஆள் வேணும். நீங்க வாங்க."

"குடுமி வெச்சா அறிவு கரைஞ்சு போயிருமா தம்பி? என்ற குரலுக்கு என்னா பேருன்னு ஊர்ல கேட்டுப்போட்டு வா."

"தெரியுமுங்க. அந்தக் கம்ப்ரசர்தான் வேணும்."

வேடிக்கை பார்க்கத்தான் போனாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலத்துக்குப் பஸ். போகிற வழியில் ஒரு பொட்டலம் கைமுறுக்கு. பயிற்சி நடந்த கூடத்தில் இஸ்திரி போட்ட ஆட்களாக நின்றார்கள். வாய்க்குள் கோலிக்குண்டு இருப்பது போல வாயை உருட்டி உருட்டி ஆ, ஓ என்று கத்தினார்கள். மேல்குரல் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். பாட்டு நல்லாயில்லை என்றால் கண்ணை மூடிக்கொள்வது நியாயம்தான் என்று மைதிலி நினைத்தாள். நந்தகுமார் அவளைக் கொண்டுபோய் ஆண்கள் வரிசையில், பேஸ் என்கிற கீழ்க்குரல் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தினான். பக்கத்தில் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒருவர். பெண்பிள்ளை வந்து நின்றதும் கரண்டைத் தொட்டது போலத் தள்ளிப்போனார்.

லத்தீன் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். "ரெக்குயெம் எத்தெர்னம்" என்று ஆரம்பித்தது. என்றைக்கும் தீராத ஓய்வு என்று அர்த்தமாம். ரிக் ஆபீசில் ஒரு நாள் லீவு கிடைக்காதவளுக்கு இது பெரிய ஆசையாகத் தெரிந்தது.

வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் நின்றாள். ஆனால் கீழ் வரி வந்தபோது மின்வாரியத்துக்காரர் இறங்க முடியாமல் இருமினார். அந்த இருமலைக் கேட்கச் சகிக்காமல், "நகருங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாடினாள். அவள் குரல் போய் எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டது. மண் தரைக்குச் சிமெண்டு பூசினது போலக் கூடம் கெட்டிப்பட்டது. மற்ற குரல்களெல்லாம் அதன் மேல் ஏறி நின்றன. பாட்டு முடிந்ததும் மைதிலி ஓரக்கண்ணால் சுற்றிலும் பார்த்தாள், யாராவது குனிந்து நாற்காலிக்கடியில் தேடுகிறார்களா என்று. யாரும் தேடவில்லை. மின்வாரியத்துக்காரர் தள்ளிப்போன இடத்திலிருந்து திரும்பி வந்து, "முறுக்கு இன்னும் இருக்குங்களா?" என்று கேட்டார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது அவள் ஜன்னல் சீட்டுக்காக யாரோடும் சண்டை போடவில்லை.

வினை வீட்டில் ஆரம்பித்தது. தம்பி மகள் அறிவுமதி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மைதிலி மொச்சை உரித்துக்கொண்டே கீழ் வரியை உறுமிக்கொண்டிருந்தாள். "அத்த, நீ உறுமுனா உள்ள இருக்கறது ஒதைக்கறத நிறுத்திருது" என்றாள் அறிவுமதி. அவள் அம்மா அனிதா நாத்தனாரை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். ஊரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் பயப்படுவதை ஒரு முழுநேர வேலையாகச் செய்கிறவள்.

"என்ன பாட்டுங்க நங்கையா இது? சாமி பாட்டா?"

"செத்தவங்களுக்கு ஓய்வு குடு, வெளிச்சம் குடுன்னு கேக்கற பாட்டு."

அனிதாவின் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. "புள்ளத்தாச்சி இருக்கற ஊட்டுல ஒப்பாரியா! எழவு உழாத ஊட்டுல ஒப்பாரி வெச்சா எழவைக் கூப்பிட்ட மாதிரிங்க!"

"கூப்பிட்டா வர்றதுக்கு அதென்ன, நம்ம ரிக் வண்டியா?"

"நீங்க வாய மூடுங்க!"

தமிழரசு நடுவில் வந்து ஒரு தீர்ப்புச் சொன்னான். அவன் தீர்ப்புகள் எல்லாம் கோழிப்பண்ணையில்தான் முடியும். "அக்கா, கொட்டாய்ல போய்ப் பாடிக்க." அதன்படி என்றைக்கும் தீராத ஓய்வு கோழிகளுக்குக் கேட்கப்பட்டது. அவள் குரல் கீழே இறங்கினதும் அத்தனை கோழியும் கழுத்தை ஒரே பக்கமாகச் சாய்த்து வாயடைத்து நிற்கும். வாழ்க்கையில் அவை பார்த்த ஒரே மரியாதையான காட்சி அதுவாக இருக்கும். மைதிலிக்கும் அதுதான்.

கச்சேரி சேலத்தில் என்றுதான் ஏற்பாடு. காளியண்ணன் திடீரென்று, "சேலத்துல பாடுனா நம்ம சனத்துல எவன் வருவான்? நம்ம ஊர்லயே பாடு" என்று சொல்லிவிட்டார். கல்யாண மண்டபம் கேட்டுப் பார்த்தார்கள். சாவுப்பாட்டு என்று கேள்விப்பட்டதும் மண்டபத்துக்காரர்கள் சாவியோடு ஓடி ஒளிந்தார்கள். அதனால் ரிக் நிறுத்துகிற யார்டில் வண்டிகளை வெளியே தள்ளி, தகரக் கொட்டகைக்குக் கீழே சாமியானாக் கடை நாற்காலி போடுவது என்று ஆயிற்று. ஒறம்பறைக்கெல்லாம் சொல்லும் வேலை ஆபீசுக்கு. ஆபீஸ் என்றால் மயில்சாமி. மயில்சாமி என்றால் தெரியுமே.

மைதிலி ஒவ்வொரு நம்பராக அடித்தாள். "காளியண்ணன் ஆபீஸ்லருந்து பேசறமுங்க. ஞாயித்துக்கிழமை பொழுதோட நாலு மணிக்கு, யார்டுல, முதலாளி பையன் அவங்கம்மாவுக்குப் பாட்டு வெச்சிருக்காருங்க. அவசியம் வந்துருங்க." அந்தக் குரலில், அந்த நிதானத்தில், அம்மா என்கிற பேச்சோடு கேட்டால் நம் சனத்துக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றும். எழவு சொல்கிறார்கள்.

"அடக் கடவுளே. எடுப்பு எத்தன மணிக்குங்க?" என்றார் ஒருவர்.

"எடுக்கறதுக்கு என்னங்க இருக்குது? அவங்க செத்து மூணு வருசமாச்சு. இது பாட்டுங்க."

"சரிங்க சரிங்க. நாலு மணிக்குள்ள வந்தர்றோம். மாலை நாங்களே வாங்கிட்டு வாரோம்."

எத்தனை பேருக்கு விளக்குவது? இரண்டு பேருக்கு விளக்கினாள். மூன்றாவது ஆள், "பையன் வந்துட்டானுங்களா?" என்று கேட்டார். "வந்துட்டாருங்க" என்றாள். "அது போதும்" என்று அவர் வைத்துவிட்டார். அப்புறம் மைதிலி விளக்குவதை நிறுத்திக்கொண்டாள். மடையர்கள், எப்படியோ வந்தால் சரி.

இந்த எழவுச் சேதி சுற்றிச் சுற்றி அனிதாவின் காதுக்கும் வந்தது. அன்று சாயங்காலம் அவள் வாசலில் வழிமறித்து நின்றாள்.

"எழவே உழாம, வெறும் பாட்டுக்கு ஊரே எழவுன்னு வருது. அங்க போயிப் பாடிப்போட்டு வந்து இந்த ஊட்டுப் படிய மிதிக்கப்படாது. என்ற புள்ள பெத்துப் பொழைக்கற வரைக்கும் வேற எங்காச்சும் இருந்துக்குங்க. பாட்டா, ஊடான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

"இது எங்கப்பன் கட்டுன ஊடு."

"ஆமாங்க. உள்ள இருக்கறது உங்க தம்பி பேரன்."

மைதிலி தமிழரசுவைப் பார்த்தாள். அவன் தன் கால் கட்டைவிரலைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். கோழிகளே தேவலை. அறிவுமதி கட்டிலில் இருந்தபடி, "அம்மா, சும்மா இரேன்" என்றாள். ஆனால் அவளுடைய கையும் அவளையறியாமல் வயிற்றைப் பொத்திக்கொண்டுதான் இருந்தது. மைதிலிக்கு அதுதான் உறைத்தது. அனிதாவுக்கு நறுக்கென்று பதில் சொல்லலாம். அந்தக் கைக்கு என்ன பதில் சொல்வது?

சனிக்கிழமை ஒரு துணிப்பையோடு ஆபீசுக்கு வந்தாள். நாலு சேலை, ஒரு சீப்பு, மாத்திரை. அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். நந்தகுமார் கண்டுபிடித்துவிட்டான். மற்ற விஷயத்தில் மந்தம் என்றாலும் இதில் அவன் கெட்டிக்காரன்.

"பை எதுக்குங்க?"

சொன்னாள். சுருக்கமாக, வேறு யாருக்கோ நடந்த கதை மாதிரி.

அவன் குடுமியை அவிழ்த்து, திரும்பக் கட்டினான். "வேண்டாங்க அக்கா. நீங்க ஊட்டுக்குப் போங்க. அந்த வரிய வேற ஆளுக்குக் குடுத்தர்றேன்."

"யாருக்கு? இருமறவருக்கா?"

"இல்லாட்டி அந்த வரியவே எடுத்தர்றேன்."

"அடியில இருக்கறத எடுத்துப்போட்டா மேல இருக்கறது எது மேல நிக்கும்?"

அவன் தரையைப் பார்த்தான். "அந்த வரி உங்களுதுதானுங்க. அன்னைக்குப் போன்ல, அம்மா மொகம் தெரியுதான்னு கேட்டீங்களே. படம் நின்னு நின்னு வந்துச்சு. உங்க குரல் மட்டும் நிக்காம வந்துச்சு. அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். பாட்ட அங்கிருந்துதான் கட்ட ஆரம்பிச்சேன்."

மைதிலி ரிசீவரைத் தூக்கி, திரும்ப வைத்தாள். அப்புறம் அதட்டினாள்.

"அதத் தமிழ்ல கட்டறதுக்கு என்ன கேடு? லத்தீனாம் லத்தீன்."

"தமிழ்ல எழுத உக்காந்தா அழுதர்றேனுங்க அக்கா. அர்த்தம் தெரியாத வார்த்தையா இருந்தாத்தான் கை ஓடுது."

"கெட்டிக்காரன்தான் போ" என்றாள். பையை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேசை மேல் வைத்தாள். "நான் பாடறேன். ராத்திரிக்கு இந்த ஆபீஸ்லயே படுத்துக்கறேன். மயில்சாமி ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு முன்பே யார்டு நிரம்பிவிட்டது. ஆண்கள் வெள்ளைச் சட்டையில், தோளில் துண்டோடு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். பெண்கள் தலையில் பூ இல்லை. யாரும் யாரையும் "வாங்க" என்று கூப்பிடவில்லை, எழவு வீட்டில் கூப்பிடக் கூடாதே. ஒருவர் கைநிறைய ரோஜா மாலையோடு வந்து, எங்கே போடுவது என்று கொஞ்ச நேரம் தேடினார். கடைசியில் நந்தகுமார் காகிதம் வைத்துப் பார்க்கிற இரும்புத் தாங்கிக்குப் போட்டுவிட்டு, தள்ளி நின்று கும்பிட்டார். சேலத்துக் கூட்டம் வெலவெலத்துப் போயிற்று. எத்தனையோ இடத்தில் பாடியிருக்கிறார்கள். பாட ஆரம்பிப்பதற்கு முன்பே கண்ணைத் துடைக்கிற சபையை அவர்கள் பார்த்ததில்லை. "என்னங்க இது?" என்றார் மின்வாரியத்துக்காரர். "எங்க சனம்" என்றாள் மைதிலி. வேறு என்ன சொல்ல?

நந்தகுமார் கையைத் தூக்கினான். முதல் வரி மைதிலிக்குத் தனியாக.

அவள் வாயைத் திறந்தாள். தகரக் கூரை அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. நாற்காலிகளில் ஒரு சலசலப்பு. "அட, மயில்சாமி!" என்று யாரோ கிசுகிசுத்தார். "எங்க, ஆளக் காணோம்?" இன்னொருவர் எழுந்து நின்று ஆண்கள் வரிசை முழுக்கத் தேடினார். தேடிக்கொண்டே வந்த கண் மைதிலியிடம் நின்றது. அவர் மெதுவாக உட்கார்ந்தார். குனிந்து எதற்கடியிலும் பார்க்கவில்லை.

மற்ற குரல்கள் வந்து சேர்ந்தன. என்ன பாடுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எழவு வீட்டில் அதைப்பற்றி யார் கேட்கிறார்கள்? பாட்டு பாதிக்கு வரும்போது பாப்பாயியின் அக்கா ராமாத்தாள் முன் வரிசையிலிருந்து எழுந்தாள். எழுந்தவள் நெஞ்சில் ஓர் அடி அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

"வந்துட்டான் பாரு பாப்பாயி! நீ பெத்த மவன் வந்துட்டான் பாரு! நாள் கழிச்சு வந்தாலும் வந்துட்டான் பாரு!"

நாலைந்து பெண்கள் ஓடிவந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டார்கள். ஒப்பாரி ஏறிற்று. மேல்குரல் பெண்கள் திறந்த வாயோடு நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு குரலாக அறுந்தது. நந்தகுமாரின் கை மேலே போனது மேலேயே நின்றது. அவன் முகம் அன்றைக்குப் போனில் இருந்த அதே முகம். இப்போதும் அவன் கையில் துண்டு இல்லை.

மைதிலி மட்டும் நிறுத்தவில்லை. அவள் அந்தக் கீழ் வரியின் கடைசி ஒலியில் நின்றிருந்தாள். அதை விட்டால் எல்லாம் விழுந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் அவனைப் பார்த்துக்கொண்டே அந்த ஒலியைப் பிடித்தாள். ராமாத்தாளின் ஒப்பாரி அதன் மேல் ஏறி நின்றது. தமிழும் லத்தீனும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை, சண்டையும் போடவில்லை. பக்கத்திலிருந்த மின்வாரியத்துக்காரர் அவள் மூச்சு இளைப்பதைக் கண்டு, தன் இருமல் குரலை அதே ஒலியில் நுழைத்து முட்டுக் கொடுத்தார். அவள் சட்டென்று மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பச் சேர்ந்தாள். பிறகு நடுக்குரல்கள், பிறகு மேல்குரல். நந்தகுமாரின் கை கீழே இறங்கியது. ராமாத்தாள் அழுது முடிக்கும்போது பாட்டும் முடிந்தது.

கைதட்டல் இல்லை. ஓர் ஆள்கூடத் தட்டவில்லை. சேலத்துக் கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. நந்தகுமார் வெளிறிப்போய்த் திரும்பினான். சனம் எழுந்து அவனை நோக்கி வரிசையாக வந்துகொண்டிருந்தது.

"அக்கா, புடிக்கலீங்களா அவங்களுக்கு?"

"பேசாம நில்லு சாமி. நன்றி கின்றின்னு வாயத் தொறந்துராத. துக்கம் கேக்க வர்றாங்க, ரெண்டு கையையும் நீட்டு."

நீட்டினான். முதலில் வந்த பெரியவர் தன் இரண்டு கைகளாலும் அந்தக் கைகளைத் தொட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை, போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. திரும்பி நடந்தார். அடுத்தவரும் அப்படியே. அவனைப் பற்றி ஊரில் என்னென்னவோ பேசிய வாய்களெல்லாம் இறுக மூடியபடி வந்து, தொட்டு, போயின. எங்கிருந்தோ வந்த காளியண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகனுக்குப் பக்கத்தில் நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து அவன் தோளில் போட்டார். பிறகு தன் கைகளையும் அவன் கைகளுக்குப் பக்கத்தில் நீட்டினார்.

மைதிலி ஆபீசுக்குள் போய் மேசை மேலிருந்த பையைத் தேடினாள். பையைக் காணோம். வெளியே தமிழரசு அதைத் தன் மொபெட்டின் முன்னால் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"ஏறுக்கா."

"எங்கடா?"

"ஏறு சொல்றேன்."

வழியெல்லாம் அவன் குழி பார்த்து ஓட்டினான். அவள் அவன் முதுகை நன்றாகத் திட்டிக்கொண்டு வந்தாள். முதுகெலும்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றாள். வாசலில் விளக்குப் போட்டிருந்தது. அனிதா கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள், பக்கத்தில் ஓர் அண்டா நிறையத் தண்ணீர், கையில் சொம்பு.

"அங்கயே நில்லுங்க" என்றாள். "எழவுக்குப் போனவங்க தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ளார வர்றதுதான வழக்கம்? உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"இத மொதல்லயே சொல்லித் தொலையறது? நான் பையக் கட்டியிருக்க மாட்டனே."

"அப்ப அது பாட்டுன்னு நெனச்சேனுங்க. எழவுன்னா அதுக்கு ஒரு முறை இருக்குதுல்ல?"

"அது எழவுன்னு உனக்கு எவன் சொன்னான்?"

தமிழரசு மொபெட்டுக்கு ஸ்டாண்டு போடுவதில் மும்முரமாக இருந்தான். யார்டின் கடைசி வரிசையில் நின்று, முழுப் பாட்டுக்கும் கை வலிக்க வலிக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். ஊட்டுக்குள் வைத்துக் கேட்டால் ஆகாதாம். அதனால் அனிதாவும், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அறிவுமதியும், கோழிக் கொட்டாயில் இருந்து கேட்டிருக்கிறார்கள்.

"கோழியெல்லாம் உன்ற குரல அடையாளம் கண்டுக்கிச்சு அத்த!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் அறிவுமதி.

முதல் சொம்பு தலையில் விழுந்தது. தண்ணீர் ஜில்லென்று இருந்தது. இரண்டாவது சொம்பை மொண்ட அனிதா, ஊற்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க நங்கையா, ராமாத்தா பெரியம்மா அழுதப்ப அல்லாரும் நிறுத்திட்டாங்களே. நீங்க மட்டும் அவ்வளவு நேரம் மூச்ச எப்படிங்க புடிச்சீங்க?"

மைதிலி முகத்தில் வழிந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டாள். தண்ணீர் மட்டும்தானா என்று இருட்டில் யாருக்கும் தெரியாது.

"வாயப் பொளந்துக்கிட்டு நிக்காம ஊத்து, குளுருது" என்றாள்.